கல்லுல வெட்டுன மேல் கமா

எங்க பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, கடலூர் கூத்தப்பாக்கத்துல வீடு கட்டி ஆவணி மாசம் கிரகப்பிரவேசம் வெச்சாரு. பெரியப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம் கொஞ்சம், பெரியம்மா நகைய வித்தது கொஞ்சம், மீதி அண்ணனோட பேங்க் லோன். அதனால வீட்டுக்கு "பேரன்ட்ஸ் கிஃப்ட்"னு இங்கிலீஷ்ல பேர் வைக்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. நான் திருப்பாதிரிப்புலியூர்ல 19 வருஷமா டிடிபி வேலை பாக்குறேன், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃப்ளெக்ஸ், ஷீல்டுல ஒட்டுற ஸ்டிக்கர் எல்லாம் என் கை வழியா தான் போகும், அதனால கல்லுக்கு டிசைன் நீயே போட்டுக் குடுத்துடுடான்னு சொன்னாரு, நானும் ஆசையா போட்டுக் குடுத்தேன். கறுப்பு கிரானைட், எழுத்து உள்ள வெட்டி கோல்டு பெயின்ட். கேட்டுக்குப் பக்கத்துல பதிச்சு மாலை போட்டப்ப அவ்ளோ அழகா இருந்துச்சு.

விசேஷத்தன்னிக்கி புதுச்சேரிலேர்ந்து அண்ணியோட சித்தி வந்திருந்தாங்க. இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. காபி டம்ளர கைல வெச்சுக்கிட்டு கல்லு முன்னாடி நின்னு பாத்தாங்க, அப்புறம் அண்ணன்கிட்ட மெதுவா கேட்டாங்க, "ஏன் மாப்ள, இது அப்பா குடுத்ததா அம்மா குடுத்ததா? யாரோ ஒருத்தர் குடுத்ததுன்னு இல்ல போட்டிருக்கு".

எனக்கு முதல்ல புரியல. கல்லப் பாத்தேன். பேரன்ட்'ஸ். "டி"க்கும் "எஸ்"ஸுக்கும் நடுவுல அந்த மேல் கமா உக்காந்திருந்துச்சு, கோல்டு பெயின்ட் அடிச்சு பளபளன்னு. நான் தான் வெச்சேன். பேரன்ட் அப்படின்னா ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தரோட கிஃப்ட். ரெண்டு பேர்னா பேரன்ட்ஸ்'னு எஸ்ஸுக்கு அப்புறம் வெச்சிருக்கணும்.

பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. என்னா சொல்றாங்கன்னு பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட கேட்டாங்க, அது சின்னப் பொண்ணு, தெரிஞ்ச மாதிரி சொல்லிடுச்சு, "ஒருத்தர் குடுத்ததுன்னு தான் வருதாம் பாட்டி". பெரியம்மா ஒரு செகண்ட் கூட யோசிக்கல. "அப்ப அவரு குடுத்ததாவே இருக்கட்டும், வுடு" அப்படின்னு சொல்லிட்டு சமையக்கட்டு பக்கம் போயிட்டாங்க.

அன்னிக்கி ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நகைய வித்தவங்க அவங்க. ஒரு நெல்லு அளவு இருக்குற குறி, அது ஒரு எழுத்து தள்ளி விழுந்ததுல அவங்க அந்தக் கல்லுலேர்ந்தே காணாமப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் அபாஸ்ட்ரஃபிங்குற இந்தக் குறியப் பத்தி தேடித் தேடிப் படிச்சேன், படிச்சத எழுதிடணும்னு தான் இந்தப் பதிவு. என்னை மாதிரி தமிழ் மீடியத்துல படிச்சவங்க, போர்டு எழுதுறவங்க, டிசைன் பண்றவங்க, ஆபீஸ்ல லெட்டர் அடிக்கிறவங்க இதப் படிச்சா சந்தோஷம்.

எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது ஒரே வரி தான், "அபாஸ்ட்ரஃபி எஸ் வந்தா உடைய". ராம்'ஸ் புக், ராமனுடைய புத்தகம். அதோட முடிஞ்சுது. தப்பு இல்ல அது, ஆனா பாதி தான். குறி எங்க விழணும், எப்ப விழக் கூடாது, ஏன் அந்தக் குறி வந்துச்சு, எதையும் யாரும் சொல்லல. அதனால நாம என்ன பண்றோம்னா கடைசில எஸ் வந்தாலே பயந்துபோய் ஒரு குறி போட்டுடறோம். போட்டோ'ஸ், சாரீ'ஸ், டிஃபன்'ஸ், எம்எல்ஏ'ஸ். இதெல்லாம் வெறும் பன்மை, நம்ம "கள்" மாதிரி. போட்டோக்கள், சேலைகள். "கள்" போடுற எடத்துல குறிக்கு வேலையே இல்ல. போட்டோஸ், சாரீஸ், எம்எல்ஏஸ், ஏடிஎம்ஸ், அவ்ளோ தான். நம்ம ஊருக்கு மட்டும் இருக்குற வியாதின்னு நெனைக்காதீங்க, இங்கிலாந்துல காய்கறிக் கடைக்காரங்க விலைப் பலகைல இப்படி எழுதி எழுதி இந்தத் தப்புக்கு "காய்கறிக்காரர் அபாஸ்ட்ரஃபி"ன்னே பேர் விழுந்திருக்கு.

நைன்டீஸ் கிட்ஸும் இதே கேஸ் தான். ஒம்பதும் சைபரும் போட்டு, குறி போட்டு, எஸ் போட்டு 90'ஸ் கிட்ஸ்னு தான் எல்லா மீம்லயும் இருக்கு. அந்தப் பத்து வருஷங்கள்னு சொல்றோம், பன்மை, அதனால 90ஸ் போதும். பழைய அமெரிக்கப் பத்திரிகை சிலது குறி போட்டு எழுதுனது உண்மை தான், அத வெச்சு யாராவது சண்டைக்கு வந்தா நான் பெருசா மல்லுக்கட்ட மாட்டேன், ஆனா இன்னிக்கி பெரும்பாலான ஸ்டைல் புக்குல குறி இல்ல. குறி போட்டே ஆகணும்னா நம்பருக்கு முன்னாடி போடணும், '90ஸ், ஏன்னா அங்க தான் 19ங்குற ரெண்டு நம்பர் விழுந்து போயிருக்கு.

விழுந்து போயிருக்குன்னு சொன்னேன் பாருங்க, மொத்த விஷயமும் அதுல தான் இருக்கு.

போன மாசம் அக்கா வீட்டுக்கு, புதுச்சேரி முதலியார்பேட்டைக்கு போயிருந்தேன். ஆல்பேட்டை தாண்டி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு பஸ் போற வழி முழுக்க ஜன்னல் ஓரம் உக்காந்து போர்டு தான் படிச்சிட்டுப் போனேன், இப்பல்லாம் அதே வேலையா போச்சு. அக்கா பொண்ணு பதினொண்ணாவது, ஃப்ரெஞ்சு எடுத்திருக்கா. சாயங்காலம் அவள கூட்டிக்கிட்டு கப்ஸ் கோயில் பக்கம் நடந்தோம், அங்க எதிர்ல ஒரு சின்ன தோட்டத்துல ஜோன் ஆஃப் ஆர்க் சிலை இருக்கும் இல்ல, வெள்ளப் பளிங்குல. அவங்க பேர ஃப்ரெஞ்சுல எழுதுறப்ப "ழான் தார்க்"னு எழுதுவாங்க மாமா, டிக்கு அப்புறம் ஒரு அபாஸ்ட்ரஃபி வரும்னா.

"அதுவும் உடைய தானடி?"ன்னு கேட்டேன்.

"இல்ல மாமா. ஃப்ரெஞ்சுல உடையக்கு 'து'ன்னு தனி வார்த்தையே இருக்கு. து, ஆர்க். அடுத்த வார்த்தை உயிரெழுத்துல ஆரம்பிச்சா அந்த 'து'வோட உகரம் போயிடும், தார்க் ஆயிடும். எழுத்து போன எடத்துல அடையாளத்துக்கு அந்தக் குறி".

நான் அங்கயே நின்னுட்டேன். து கூட ஆர்க் சேந்தா தார்க். இத நான் எங்கயோ படிச்சிருக்கேனே. ஒம்பதாவதுல தமிழய்யா போர்டுல எழுதிப் போட்டு எங்கள கத்த வெச்சது, "உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்". நன்னூல். வீடு கூட இல்ல சேந்தா வீடில்ல, காசு கூட ஏது சேந்தா காசேது. உயிரெழுத்து வந்து நின்னா அந்தக் குட்டி உகரம் மெய்ய விட்டுட்டு ஓடியே போயிடும். அபாஸ்ட்ரஃபிங்குற வார்த்தை கிரேக்கத்துலேர்ந்து வந்தது, அதுக்கு அர்த்தமே விலகிப் போனது, திரும்பிப் போனதுங்குற மாதிரி தான் வருது. ஓடிப்போன எழுத்துக்கு அடையாளம். கிரேக்கத்துல அதுக்குக் குறி வெச்சாங்க, நாம குறி வைக்காம ஓட விட்டு எழுதிட்டோம். ஒரே விஷயம்.

ஃப்ரெஞ்சுக்காரங்க கிட்டேர்ந்து தான் 16ஆம் நூற்றாண்டுல இந்தக் குறி இங்கிலீஷுக்குப் போச்சு. போனப்ப அதுக்கு "உடைய" வேலை கெடையாது, எழுத்து விழுந்த எடத்த காட்டுறது மட்டும் தான் வேலை. டோன்ட், கான்ட், ஐ'ம், லெட்'ஸ் எல்லாம் அந்த வகை. டூ நாட்ல ஒரு ஓ விழுந்துச்சு, அந்த ஓ இருந்த எடத்துல குறி. லெட் அஸ்ல "யு" விழுந்துச்சு, லெட்'ஸ்.

அப்ப "உடைய" எப்படி வந்துச்சு? அதுவும் விழுந்த எழுத்து தான்! பழைய இங்கிலீஷ்ல ஆறாம் வேற்றுமைக்கு கடைசில "ஈ எஸ்"னு ரெண்டு எழுத்து சேத்துக்குவாங்க. கிங்குடையங்கறத கிங்கெஸ்னு எழுதுனாங்க. நாளாவட்டத்துல பேச்சுல அந்த எகரம் தேஞ்சு போச்சு, கிங்ஸ் ஆயிடுச்சு, எகரம் போன எடத்துல குறி வந்துச்சு. 17ஆம் நூற்றாண்டு முடியறப்ப அது நல்லா பரவியிருந்துச்சு. எஸ்ஸுக்கு அப்புறம் குறி போடுறது, அதாவது பேரன்ட்ஸ்' மாதிரி, அது இன்னும் லேட்டு, 18ஆம் நூற்றாண்டு கடைசில தான் நெலைச்சு நின்னுச்சு. இது தெரிஞ்சப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா, ரெண்டு தனித்தனி ரூல்னு நெனைச்சு இத்தன வருஷம் பயந்துட்டு இருந்தேன், ரெண்டும் ஒரே ரூல்.

நம்ம புள்ளியையே எடுத்துக்கோங்களேன். "ம"ங்குறதுல அகரம் உள்ள இருக்கு, மேல புள்ளி வெச்சா "ம்", அகரம் இல்லன்னு அர்த்தம். ஒரு சத்தம் இங்க இல்லன்னு சொல்றதுக்குன்னே எழுத்து தலை மேல வைக்கிற அடையாளம். ஓலைச்சுவடில புள்ளி வைக்காம தான் எழுதுவாங்க, எழுத்தாணி குத்தி ஓலை கிழிஞ்சிடும்னு காரணம் சொல்வாங்க, படிக்கிறவங்க தான் இது "ம"வா "ம்"மான்னு இடம் பாத்து புரிஞ்சிக்கணும். புதுச்சேரி ஃப்ரெஞ்சு நிறுவனத்துல ஆயிரக்கணக்குல ஓலைச்சுவடி இருக்கு, அங்க இருக்குற சைவ சுவடித் தொகுப்புக்கு 2005ல யுனெஸ்கோ அங்கீகாரம் கூட கெடைச்சுது. புள்ளி இல்லாம ஒரு மொழிய படிச்சு பழகின ஜனங்க நாம. அதனால தானோ என்னவோ, குறி இல்லாட்டி என்ன, இடம் பாத்து புரிஞ்சிக்க மாட்டாங்களான்னு நமக்குத் தோணுது. புரிஞ்சிக்குவாங்க, பல எடத்துல. ஆனா வாட்ஸப்ல ஐ'ல் கம்னு குறி போடாம அடிச்சு விட்டா "இல் கம்"னு தான் நிக்கும், இல்னா உடம்பு சரியில்லாததுன்னு அர்த்தம். ஹீ'ல்ல குறி போனா நரகம், ஷீ'ல்ல குறி போனா சிப்பி, வீ'ல்ல குறி போனா கெணறு. ஃபோனே திருத்திடும்னு சொல்வீங்க, இதையெல்லாம் அது பல தடவை திருத்தாது, ஏன்னா குறி இல்லாமலும் அதெல்லாம் சரியான வார்த்தை.

சரி, குறி எங்க விழணும்? அண்ணியோட சித்தி அன்னிக்கி எனக்கு சொல்லிக் குடுத்தது ஒண்ணு இருக்கு, அத அப்படியே சொல்றேன். சந்தனம் காயாத விரல, கல்லுல அந்தக் குறி மேல வெச்சாங்க, குறியையும் அதுக்கு வலது பக்கம் இருந்த எஸ்ஸையும் சேத்து மறைச்சாங்க. "இப்ப படி தம்பி". பேரன்ட். "அவங்க தான் ஓனர். குறிக்கு இடது பக்கம் யார் நிக்கிறாங்களோ அவங்களோடது அந்தப் பொருள்". அவ்ளோ தான் சொன்னாங்க, திட்டல, கேலி பண்ணல.

அதுக்கப்புறம் நான் எந்த வார்த்தையையும் விரல் வெச்சு மறைக்காம விடுறதில்ல. லேடீஸ் டெய்லர் போர்டு எடுத்துக்கோங்க, எத்தன கடைல எல் ஏ டி ஐ ஈ வரைக்கும் எழுதி, குறி போட்டு, அப்புறம் எஸ் போட்டிருக்காங்க. விரல் வெச்சு மறைங்க. என்ன மிச்சம்? எல் ஏ டி ஐ ஈ. அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல கெடையாது. பெண்கள்ங்கறது லேடீஸ், முழுசா எஸ்ஸோட, அதனால லேடீஸ்'னு எஸ்ஸ தாண்டி தான் குறி. மென்ஸ் வேர்ல நேர் எதிர். மென்னே பன்மை, ஆண்கள், அதுக்கு மேல எஸ் சேத்து மென்ஸ்னு ஒரு பன்மை கெடையாது, அதனால மென்'ஸ் வேர், குறி நடுவுல. விமென்'ஸ் டே, சில்ரன்'ஸ் பார்க், பீப்புள்'ஸ் எல்லாம் மென் கூட்டாளிங்க.

டீச்சர்ஸ் டே. செப்டம்பர் 5 வந்தா எனக்கு ஆர்டர் குவியும், இதுல தான் அதிகமா குழப்பம். நாம வாழ்த்துறது ஒரு வாத்தியார இல்ல, எல்லா வாத்தியாரையும், அதனால டீச்சர்ஸ்' டே. அப்ப மதர்ஸ் டேக்கும் அப்படியா? இல்ல. அங்க மதர்'ஸ், குறி எஸ்ஸுக்கு முன்னாடி. அமெரிக்கால அந்த நாள ஆரம்பிச்ச ஆன்னா ஜார்விஸ் 1912ல பேர பதிவு பண்றப்பவே ஒருமைல தான் வேணும்னு நின்னாங்க, உலகத்துல இருக்குற எல்லா அம்மாவுக்கும் பொதுவான நாள் இல்ல, ஒவ்வொரு வீடும் அவங்கவங்க அம்மாவ கும்புடுற நாள்னு. ஒரு குறிய எந்தப் பக்கம் வைக்கணும்னு ஒரு பொம்பள அவ்ளோ யோசிச்சிருக்காங்க. நான் பெரியம்மாவ நெனைச்சுக்கிட்டேன்.

லீவ் லெட்டர் எழுதுறவங்களுக்கும் இது உதவும். ஒரு நாள் லீவுன்னா ஒன் டே'ஸ் லீவ், ரெண்டு நாள்னா டூ டேஸ்' லீவ். நாளுக்கு என்ன சொத்தான்னு கேக்கலாம், ஆனா நாமளும் "ரெண்டு நாளோட லீவு"ன்னு சொல்றோம் இல்ல, அதே "ஓட" தான்.

அடுத்தது இட்ஸ். நான் 28 வயசு வரைக்கும் தப்பா எழுதுன வார்த்தை இது, இன்னிக்கும் எத்தனயோ படிச்சவங்க தப்பா எழுதுறது. "அதனுடைய"ன்னா உடைய வந்துடுச்சே, அப்ப குறி போடணும் தானேன்னு தோணும், நியாயமான நெனைப்பு தான். ஆனா அங்க போடக் கூடாது. ஏன்னு தமிழ்லயே பாருங்க. ராமன்னு இருந்தா வெளிலேர்ந்து "உடைய" ஒட்ட வைக்கணும். ஆனா நான்ங்கறது "என்"னு மாறிடுச்சுன்னா அதுக்குள்ளயே உடைமை வந்துடுது, என் வீடு, உன் வீடு, தம் வீடு. இங்கிலீஷ்ல ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெய்ர்ஸ் அப்படிப்பட்ட வார்த்தைங்க, உடைமை உள்ளயே இருக்கு, எதுலயும் குறி கெடையாது. குறி இல்லாத இட்ஸ் அந்த வரிசைல கடைசியா வந்து சேந்த புள்ளை. குறி போட்ட இட்'ஸ் வேற ஆளு, இட் இஸ் இல்லன்னா இட் ஹாஸ், அதுல ஐயோ ஹெச் ஏவோ விழுந்திருக்கு. எழுதுறப்ப ஒரு செகண்ட் நிறுத்தி தமிழ்ல சொல்லிப் பாருங்க. "அது இப்படி இருக்கு"ன்னு வந்தா குறி. "அதோட"ன்னு வந்தா குறி இல்ல. கம்பெனி அதோட பத்தாவது வருஷத்துல அடியெடுத்து வெக்குதுன்னா குறி இல்ல. மழை பெய்யுதுங்கறதுக்கு இட்'ஸ் ரெய்னிங்னு எழுதுனா குறி உண்டு, அது இட் இஸ்.

இதுல இன்னொரு ஆறுதல், இங்கிலீஷ்காரங்களே இதுல தடுமாறினவங்க தான். 17, 18ஆம் நூற்றாண்டுல அவங்களே உடைமைக்கும் இட்'ஸ்னு குறி போட்டு எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடி அப்படி ஒரு வார்த்தையே புழக்கத்துல இல்ல, அஃறிணைக்கும் ஹிஸ் தான். 1611ல அச்சான கிங் ஜேம்ஸ் பைபிள்ல அந்த எடத்துல பெரும்பாலும் ஹிஸ்ஸும் தேர்ஆஃபும் தான் வரும். அப்படி இருக்க, கடலூர்ல ஒரு தமிழ் மீடியம் புள்ளை அதுல சறுக்கினா அத வெச்சு சிரிக்கிறதுக்கு எவனுக்கும் உரிமை இல்ல.

தாஸ், தாமஸ், பிரான்சிஸ் மாதிரி எஸ்ல முடியற பேருக்கு என்ன பண்றதுன்னு பத்திரிகை அடிக்க வர்றவங்க அடிக்கடி கேப்பாங்க. தாஸ்'ஸ்னும் எழுதலாம், தாஸ்'னு குறியோட நிறுத்திக்கவும் செய்யலாம், ரெண்டும் சரி, ஒரே பத்திரிகைல ரெண்டையும் கலக்காதீங்க. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்லயே 2006ல கான்சஸ் மாநிலம் சம்பந்தப்பட்ட ஒரு கேஸ்ல பெரும்பான்மை தீர்ப்பு எழுதுன நீதிபதி தாமஸ் கான்சஸ்'னு நிறுத்திட்டாரு, எதிர்த்து எழுதுன நீதிபதி சூட்டர் கான்சஸ்'ஸ்னு எழுதுனாரு. அவ்ளோ பெரியவங்களுக்குள்ளயே ஒத்துப் போகல, நமக்கென்ன.

கடை பேர், ஊர் பேர் எல்லாம் அவங்கவங்க இஷ்டம், அதுல ரூல் தேடாதீங்க. லண்டன்ல எர்ல்'ஸ் கோர்ட்டுன்னு ஒரு ஸ்டேஷன் குறியோட இருக்கு, அதுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பேரன்ஸ் கோர்ட், அதுல குறி இல்ல. வாட்டர்ஸ்டோன்ஸ்னு பெரிய புத்தகக் கடை, 2012ல அவங்க பேர்லேர்ந்து குறிய எடுத்துட்டாங்க.

இங்கிலாந்துல பாஸ்டன்னு ஒரு ஊரு, அங்க ஜான் ரிச்சர்ட்ஸ்னு ஒரு ரிட்டயர்டு பத்திரிகைக்காரர் இந்தக் குறிய காப்பாத்தணும்னு 2001ல ஒரு சங்கமே ஆரம்பிச்சாரு. கடை போர்டுல தப்பு பாத்தா கடைக்காரருக்கு மரியாதையா லெட்டர் எழுதுவாரு. 2019ல, 96 வயசுல, சங்கத்த மூடிட்டாரு, இந்தக் காலத்து அறியாமையும் சோம்பேறித்தனமும் ஜெயிச்சிடுச்சுன்னு சொல்லிட்டு. அவர் மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, 18 வருஷம் சும்மா இல்ல. ஆனா சோம்பேறித்தனம்னு சொன்னத என்னால ஒத்துக்க முடியல. தேவையில்லாத எடத்துல ஒரு குறி கூடுதலா போடுறவன் சோம்பேறி இல்லங்க. அவன் ஒரு வேலை அதிகமா செய்யறான். இங்கிலீஷ்னா இப்படி ஏதோ மேல போடணும், போடாட்டி நம்மள மட்டமா நெனைப்பாங்கன்னு பயந்து, மரியாதைக்காகப் போடுறான். என் கவுன்ட்டர்ல தினம் பாக்குறேன், "தம்பி அந்த மேல் கமா விட்டுடாத"ன்னு கேட்டு வாங்கிப் போடுற பெரியவங்கள. அவங்களுக்கு வேண்டியது ஒரு அஞ்சு நிமிஷம், உக்கார வெச்சு சொல்றதுக்கு ஒரு ஆளு. சித்தி எனக்கு சொன்ன மாதிரி.

டிசைன் வேலைல இருக்குறவங்களுக்கு மட்டும் ரெண்டு விஷயம். நீங்க தமிழ்99 கீபோர்டுல அடிக்கிறவரா இருந்தா அபாஸ்ட்ரஃபி கீல "ய" தான் உக்காந்திருக்கு. ரெண்டு மொழியும் கலந்த பத்திரிகைல மொழி மாத்த மறந்து அமுக்குனா குறி இருக்க வேண்டிய எடத்துல ஒரு "ய" வந்து நிக்கும், பெரிய எழுத்துல கண்ணுக்குத் தெரிஞ்சிடும், பின்கோடு சைஸ் பொடி எழுத்துல தப்பிச்சு அச்சுக்குப் போயிடும். இன்னொண்ணு, பழைய மாணவர் சந்திப்பு ஃப்ளெக்ஸ் அடிக்கிறப்ப '98 பேட்ச்னு அடிச்சீங்கன்னா சாஃப்ட்வேர் தானா அத மேற்கோள் தொடங்குதுன்னு நெனைச்சு குறிய திருப்பிப் போட்டுடும், 6ங்குற நம்பர் மாதிரி வளைஞ்சு. விழுந்த எழுத்துக்கான குறி எப்பவும் 9 மாதிரி தான் வளையணும். ஆல்ட்ட அமுக்கிக்கிட்டு நம்பர் பேட்ல 0146 அடிச்சா சரியான குறி வரும். எத்தன பேர் கவனிப்பாங்கன்னு கேக்காதீங்க, பத்தடி ஃப்ளெக்ஸ்ல அந்தக் குறி ஒரு சாண் இருக்கும்.

கல்லு விஷயத்துக்கு வர்றேன். கிரகப்பிரவேசம் முடிஞ்ச மூணாம் நாள் கல்லு வெட்டுனவர கூட்டிக்கிட்டு கூத்தப்பாக்கம் போனேன், செலவு என்னுதுன்னு சொல்லிட்டேன், அண்ணன் வேணாம்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. அவர் முதல்ல அந்தக் குறிக்குள்ள இருந்த கோல்டு பெயின்ட்ட ஊசி மாதிரி ஒரு கம்பியால சுரண்டி எடுத்தாரு. அப்புறம் கறுப்பு கிரானைட் தூள அரால்டைட்ல குழைச்சு, ஒரு பழைய பிளேடு முனைல எடுத்து குழிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா வெச்சு அமுக்குனாரு. காய விட்டு, மறுநாள் வந்து தேச்சு பாலிஷ் போட்டாரு. எஸ்ஸுக்கு வலது பக்கம் கிஃப்ட்டுக்கு முன்னாடி இருந்த எடம் கொஞ்சம் குறுகல், ஆனா குறி சின்னது தானே, புதுசா வெட்டி கோல்டு அடிச்சாரு.

நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் நாலரை அஞ்சு மணிக்கு வெயில் சாஞ்சு கல்லு மேல விழறப்ப மட்டும் டிக்கும் எஸ்ஸுக்கும் நடுவுல பழைய குறி இருந்த எடம் லேசா மங்கலா தெரியும். பெரியம்மா கேட்டாங்க, இவ்ளோ செலவு பண்ணி என்னாடா பண்ண, ஒண்ணும் மாறலியேன்னு. நான் அவங்க விரலப் புடிச்சு புது குறி மேல வெச்சு, இதுக்கு இந்தப் பக்கம் இருக்குறது நீங்க ரெண்டு பேரும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் தடவிப் பாத்துட்டு, "பெயின்டு காஞ்சிடுச்சா?"ன்னு கேட்டாங்க. காஞ்சிடுச்சு பெரியம்மான்னேன்.